என் இமைகள் சொன்ன பதில்

என் கண்களில் ஒரு குறையும் இல்லை. தூரத்தில் வரும் பஸ்ஸின் இலக்கத்தைக் கண்ணாடி போடாமலே வாசித்துவிடுவேன். குறை இமைகளில்தான். அவை தங்கள் பாட்டில் மூடிக்கொள்ளும். மூடியபின் திற என்றால் திறக்காது. வலி இல்லை, நித்திரையும் இல்லை. உள்ளே கண் விழித்துக்கொண்டிருக்கும், வெளியே கதவு பூட்டிக் கிடக்கும்.

இதற்குப் பிளெபரோஸ்பாசம் என்று பெயர். மூளையின் ஆழத்திலிருந்து இமையைச் சுற்றியுள்ள தசைக்குப் பிழையான கட்டளை போகிறது. தசை இறுகுகிறது, இமை விழுகிறது. அரிய நோய், தொற்றாது, உயிரை எடுக்காது என்று சொன்னார்கள். உயிரை எடுக்காது என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். என் இமைகள் ஓர் உயிரை எடுக்கப் பார்த்தன. அது என் உயிர் அல்ல, என் மச்சாளின் உயிர். அதனால்தான் இதை எழுதுகிறேன். வாசிப்பவர்கள் இந்தப் பெயரை இன்னும் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

நான் பரமட்டாவில் நீதிமன்றத்துக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் மாறி மாறி ஓடுகிற தமிழ் மொழிபெயர்ப்பாளர். வாயால் பிழைப்பவள். வீடு நார்த்மீட்டில். வீட்டில் நான், இவர், இவருடைய மூத்த அக்கா பரமேஸ்வரி. அவர்தான் மச்சாள். புருஷன் போனபிறகு யாழ்ப்பாணத்திலிருந்து எங்களிடம் வந்து, என் குசினியை என்னிடமிருந்து மெல்ல மெல்லப் பிடுங்கிக்கொண்டவர். எங்கள் ஒரே மகள் அபிரா கல்யாணம் கட்டி மெல்பேர்னில், மல்கிரேவில் இருக்கிறாள்.

தொடக்கம் சாதாரணமாகத்தான் இருந்தது. வெயிலில் கண் கூசியது. இந்த நாட்டு வெயிலுக்கு யாருக்குத்தான் கூசாது என்று விட்டுவிட்டேன். பிறகு அடிக்கடி இமைக்கத் தொடங்கினேன். பிறகு ஒரு நாள் காலை, வேலைக்குக் கார் ஓட்டிப் போகும்போது சிவப்பு விளக்கில் நின்றேன். இமை விழுந்தது, எழும்பவில்லை. பின்னால் ஹோர்ன் அடிக்கிறார்கள். பச்சை விழுந்துவிட்டது என்று தெரிகிறது, பச்சையைத்தான் காணவில்லை. யாரோ வந்து கண்ணாடியைத் தட்டி ஆங்கிலத்தில் ஏதோ கேட்டான். எனக்கொன்றுமில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். உடனே கண் திறந்துகொண்டது. அவனுடைய முகம் கண்ணாடியில் மூக்கு முட்டுகிற கிட்டத்தில் நின்றது. அவன் என்னைப் பார்த்துப் பயந்தானா, நான் அவனைப் பார்த்துப் பயந்தேனா, தெரியாது. அன்றைக்கே கார்ச் சாவியை இவரிடம் கொடுத்துவிட்டேன்.

வாயைத் திறந்தால் கண் திறக்கும். இந்த நோயின் வினோதம் அது. பேசினால், பாடினால், நெற்றிப்பொட்டை அழுத்தினால், சிலருக்குத் தசை கொஞ்ச நேரம் விட்டுக்கொடுக்கும். எனக்குப் பேச்சு. நீதிமன்றத்தில் சாட்சியின் தமிழை ஆங்கிலமாக்கிக்கொண்டிருக்கும்வரை கண் பளிச்சென்று இருக்கும். சட்டத்தரணிகள் தங்களுக்குள் குசுகுசுக்கத் தொடங்கி, எனக்கு வேலை இல்லாமல் போனதும் மூடிவிடும். நான் நித்திரை கொள்கிறேன் என்று நினைத்து ஒரு நீதவான் ஒரு தடவை மிகவும் மரியாதையாகக் கேட்டார், வீட்டில் சுகமா என்று.

மருத்துவர்களும் என்னிடம் ஒன்றையும் காணவில்லை. எப்படிக் காண்பார்கள்? அறைக்குள் நுழைந்த நேரம் தொட்டு நான் பேசிக்கொண்டே இருந்தேன். எங்கள் குடும்ப டொக்டர் தமிழ்ப்பிள்ளை.

"அன்ரி, உங்கட கண் காய்ஞ்சு போச்சு. இந்தத் துளியை விடுங்கோ. மெனோபோஸ் நேரம் இப்பிடி வரும். கொஞ்சம் நடவுங்கோ."

நடந்தேன். நடைபாதையில் கண் மூடி, யாரோ ஒருவருடைய வேலியைப் பிடித்துக்கொண்டு, அவர்களுடைய நாய் குரைக்கக் குரைக்க நின்றேன். கண் வைத்தியர் கண் நன்றாக இருக்கிறது என்றார். தசை களைத்துப்போகிற வேறொரு நோய்க்கு இரத்தம் எடுத்தார்கள், அதுவும் இல்லை. எம்ஆர்ஐ குழாய்க்குள் கிடத்தி, இரும்பில் சுத்தியலால் அடிப்பதுபோல் சத்தம் போட்டு மூளையைப் படம் எடுத்தார்கள். மூளையிலும் ஒன்றும் இல்லையாம். வந்த பில்களை இவர் எனக்குக் காட்டாமல் மடித்துப் பொக்கற்றுக்குள் வைத்தார். வீட்டு முன்னறை யன்னலுக்குத் தடித்த சீலை மாட்டினார். ரெயிலில் என் பக்கத்தில் இருந்து, வெளியே தெரிவதையெல்லாம் கிரிக்கெட் வர்ணனைபோல் சொல்லிக்கொண்டு வந்தார். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அழுகையாகவும் இருந்தது.

கடைசியில் இவர்தான் என் முகத்தைப் போனில் படம் பிடித்தார். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு முதன்முதலாகப் பயம் வந்தது. சோபாவில் ஒரு பெண் இருக்கிறாள். என் சட்டை, என் தாலிக்கொடி. கண்கள் இறுக்கி மூடியிருக்கின்றன, புருவம் கீழே இறங்கியிருக்கிறது, எதையோ பார்க்க மாட்டேன் என்று அடம்பிடிக்கிற முகம். அது நானில்லை. எனக்குள் அப்படி ஓர் அடம் இருந்ததில்லை.

அந்தப் படத்தைப் பார்த்த நரம்பியல் மருத்துவர் ஓர் இளம்பெண். பெரிய ஆஸ்பத்திரியின் மேல்மாடியில் சின்ன அறை. நான் வழமைபோல் வரலாறு சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி, தயவுசெய்து இனி ஒன்றும் பேசாதீர்கள் என்றார். தானும் பேசவில்லை. இவரையும் பேசவேண்டாம் என்றார். மேசை விளக்கை என் பக்கம் திருப்பிவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்தபடி இருந்தார். அந்த அறையில் மூன்று பேர் மூச்சுவிடும் சத்தம் மட்டும். முதலில் இடது இமை துடித்தது. பிறகு இரண்டும் விழுந்தன. இருட்டுக்குள் நான் காத்திருந்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவர்கள் இருவரும் எழுந்து போய்விட்டார்களோ என்றுகூட நினைத்தேன். அப்புறம் மிகக் கிட்டத்தில் அந்தப் பெண்ணின் குரல் கேட்டது, ஆங்கிலத்தில், மெல்ல: "நான் காண்கிறேன். இது உண்மை." அதைக் கேட்டதும் விம்மி விம்மி அழுதேன். நோய் என்று ஒருத்தர் சொன்னதற்காக இப்படிச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

மருந்து உண்டு, ஆனால் குணப்படுத்தாது என்றார். கெட்டுப்போன உணவில் உண்டாகும் ஒரு விஷத்தை மிக மிகக் கொஞ்சமாக இமையைச் சுற்றி ஊசியால் ஏற்றுவார்கள். தசை தளரும். சில மாதங்களில் மருந்து இறங்கிவிடும், திரும்பவும் ஏற்ற வேண்டும். அந்தக் கிளினிக்கில் இடம் கிடைக்கக் காத்திருக்க வேண்டும். அந்தக் காத்திருப்பில்தான் மற்றது நடந்தது.

எங்கள் ஆட்கள் கொஞ்சப் பேர் வெள்ளிக்கிழமைகளில் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்து அம்மன் பூசை வைப்பார்கள். மச்சாள் ஒரு வெள்ளியும் விடமாட்டார், அவரோடு நானும் போவேன். அந்த வெள்ளி கற்பூரத் தட்டை ஏற்றினார்கள். சுவாலை என் முகத்துக்கு நேரே வந்தது. கண் மூடியது. தட்டு என்னைக் கடந்து போனது, மணி நின்றது, தேவாரம் முடிந்தது. எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள், நான் மட்டும் மூடியபடி. திறக்க வைக்க ஏதாவது பேச வேண்டும். அந்த அமைதியில் என்னத்தைப் பேசுவது? வாய்க்குள் பரமட்டா ரெயில் நிற்கிற இடங்களை முணுமுணுத்தேன். ஹரிஸ் பார்க், கிரான்வில், கிளைட், ஓபர்ன். லிட்கம் வருமுன் மடியில் ஏதோ மெத்தென்று விழுந்தது. லிட்கம், ஸ்ட்ரத்ஃபீல்ட். கண் திறந்தது. என் மடியில் ஒரு மல்லிகைச் சரம் கிடந்தது. முன்வரிசைப் பெண்கள் எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர்கூடச் சிரிக்கவில்லை.

காரில் மச்சாள் பின் இருக்கையிலிருந்து சொன்னார்.

"ஜெயந்தி, உனக்குக் கலை வந்திருக்கு."

"எனக்கு வந்திருக்கிறது வருத்தம், மச்சாள். டொக்டர் பேர் சொல்லித் தந்தவ."

"அவவுக்கு என்ன தெரியும். அம்மன் ஆரில இறங்கிறா எண்டு டொக்டரிட்டச் சொல்லிப்போட்டே இறங்கிறவ."

நான் சிரித்தேன். இவரும் சிரித்தார். மச்சாள் சிரிக்கவில்லை. அடுத்த வெள்ளி நான் கண் மூடியதும் எனக்கு முன்னால் சேலைகள் உரசும் சத்தம் கேட்டது. யாரோ வந்து உட்காருவார்கள், கொஞ்ச நேரம் மூச்சுவிடுவார்கள், எழுந்து போவார்கள். பிறகு இன்னொருவர். ஒருவரும் பேசவில்லை, தொடவில்லை. அவர்கள் என்னிடம் என்ன செய்கிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. அதற்குப் பிறகு நான் பூசைக்குப் போவதை நிறுத்தினேன்.

ஆனால் அது வீட்டுக்கு வந்தது.

இவர் வேலைக்குப் போன பிறகு நான் முன்னறையில் தேத்தண்ணியோடு இருப்பேன். சீலையின் ஓரத்தால் வெயில் ஒரு கோடாக வரும், அந்தக் கோடே போதும், இமை விழுந்துவிடும். அவசரமில்லாத நேரம் என்பதால் பேசாமல் விட்டுவிடுவேன். ஒரு காலை, அப்படி இருக்கும்போது, கதிரை ஒன்று கம்பளத்தில் இழுபடுகிற மெல்லிய சத்தம் கேட்டது. எனக்கு நேரே முன்னால். பிறகு கதிரையில் பாரம் இறங்குகிற சத்தம். பிறகு மூச்சு. அது என்னைப் பார்த்தபடி இருக்கிறது என்று தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

"ஆர் அது?" என்றேன். "மச்சாள்?" என்றேன். இமை இழுத்து இழுத்துத் திறந்தபோது சாப்பாட்டு மேசையின் கதிரை என் முழங்காலுக்கு நேரே நின்றது. அதில் ஒருவரும் இல்லை.

குசினிக்குப் போனேன். மச்சாள் பயித்தங்காய் முறித்துக்கொண்டிருந்தார்.

"முன்னுக்கு வந்தனீங்களோ?"

"நானோ? இல்லையே. ஏன்?"

"கதிரை இழுபட்டது."

"அது முதலே அங்கதான் கிடந்திருக்கும். கண்ணை மூடிக்கொண்டு இருந்தால் எல்லாம் கேக்கும்."

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாள் வரவில்லை. பிறகு வந்தது. நான் குரல் கொடுத்துக் கண் திறக்கும்முன் போய்விடும். அப்படி அது இருந்த நேரங்களில் அழுகையை விழுங்குவதுபோல ஒரு சத்தம் ஒரு தரம் கேட்டது. மச்சாளாக இருக்கும் என்று நினைப்பேன், அடுத்த நிமிடம் மச்சாள் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று நினைப்பேன். மூளையிலிருந்து பிழையான கட்டளை போகிறது என்றார்கள். இமைக்குப் போகிற கட்டளை பிழைத்தால் காதுக்குப் போகிறது மட்டும் சரியாக இருக்குமா? நரம்பியல் மருத்துவர், இல்லாத ஆட்கள் பக்கத்தில் இருப்பதுபோல் தோன்றுகிறதா என்று வழமையான கேள்விகளோடு கேட்டார். இல்லை என்றேன். ஆயிரம் நோயாளிகளின் உண்மையை ஆங்கிலமாக்கிய வாய் அது. பைத்தியம் என்று எழுதிவிடுவார்களோ என்று பயந்தேன்.

அபிரா போனில் கத்தினாள். "அம்மா, ஜஸ்ட் அந்த ஊசியைப் போடுங்கோ. இங்க ஆக்கள் அழகுக்கே போடினம். வட் ஆர் யூ வெயிட்டிங் ஃபோர்?"

மச்சாளுக்குத்தான் அது பிடிக்கவில்லை. ஊசிக்கு நாள் கிடைத்தது என்று தெரிந்ததும் அவருடைய முகம் வெளிறிப்போனது. "மூஞ்சியில விஷம் ஏத்தப் போறியே. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் என்ன" என்றார். அவர் இப்படிக் கெஞ்சி நான் கண்டதில்லை. என்மேல் இருக்கிற பாசம் என்று நினைத்து மனம் இளகிப்போனேன்.

அந்தக் கிளினிக்கின் காத்திருப்பு அறையை மறக்க மாட்டேன். உள்ளே போனதும் பல பேர் தங்களுக்குத் தாங்களே ஏதோ செய்துகொண்டிருந்தார்கள். ஒரு கிழவர் மெல்லிய விசில் அடித்தபடி இருந்தார், விசிலை நிறுத்தினால் அவருடைய கண் மூடியது. ஒரு பெண் காதுமடலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். மற்றொருத்தி வாயில் ஒன்றுமில்லாமல் மென்றுகொண்டிருந்தாள். பெயர் கூப்பிட்டால் எழுந்து, கையை முன்னால் நீட்டி நடந்தார்கள். நானும் என் பாட்டுக்கு ஸ்டேஷன் பெயர்களைச் சொல்லிக்கொண்டு கிழவருக்குப் பக்கத்தில் இருந்தேன். இத்தனை காலமும் நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த அறை பயமாகவும் இருந்தது, சொந்த வீடு போலவும் இருந்தது.

ஊசி, எறும்பு கடிப்பதைவிடக் கொஞ்சம் கூட. இமையின் ஓரங்களில் வரிசையாகக் குத்தினார்கள். முதல் தரம் என்பதால் அளவைக் குறைத்துப் போடுகிறோம், வேலை செய்யச் சில நாள் செல்லும், ஒரு கிழமைகூட ஆகலாம் என்றார்கள். ஒரு கண்ணுக்குக் கீழே நீலம் பாரித்தது. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன், யாரோ அடித்த முகம். இமை முன்போலவே விழுந்தது.

அதற்கு அடுத்த நாள் காலை. முன்னறை, வெயில் கோடு, இருட்டு. கதிரை இழுபட்டது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். பேசக்கூடாது, பேசினால் போய்விடும் என்று நினைத்து வாயை இறுக்கி மூடிக்கொண்டேன். அந்த மூச்சு முன்னால் வந்து நின்றது. அப்போது, நான் ஒரு சொல்லும் சொல்லாமல், என் இமைகள் திறந்தன. தாமாக, மெல்ல, இரண்டும் ஒன்றாக.

மச்சாள் இருந்தார். என் முகத்திலிருந்து ஒரு முழத் தூரத்தில். வலது கையை இடது கக்கத்தின் கீழே சேலைக்குள் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் அவர் பின்வாங்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார்.

"எத்தினை நாளாக் கேக்கிறன். இண்டைக்குத்தான் ஓம் எண்டிருக்கிறா."

"என்ன கேட்டனீங்கள், மச்சாள்?"

அவர் என் கையைப் பிடித்து, தான் அழுத்திக்கொண்டிருந்த இடத்தில் வைத்தார். சட்டைக்கு மேலாலேயே கட்டி கைக்குப் பட்டது. புளியங்கொட்டையைவிடப் பெரிது, கல்லாட்டம், அசையவில்லை.

எங்கள் ஊர்க் கோயில்களில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாகச் சுற்றி அம்மனுக்கு முன்னால் வைத்து, மனதில் கேள்வியை நினைத்து ஒன்றை எடுப்பார்கள். எந்த நிறம் வந்ததோ அதுதான் பதில். மச்சாள் என் கண்களில் பூக்கட்டிப் பார்த்திருக்கிறார். டொக்டரிடம் போகவா என்று மனதில் கேட்பது. நான் பேசாமல் இருக்கும்போது கண் திறந்தால் போ, திறக்காவிட்டால் போகாதே. பேசித் திறந்தால் அது கணக்கில் இல்லையாம், அதனால்தான் நான் வாயைத் திறந்ததும் எழுந்து ஓடியிருக்கிறார். ஊரில் அவருக்குத் தெரிந்த ஒருத்திக்கு இதேபோல ஒரு கட்டியை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள், அவள் அந்த வருடமே செத்துப்போனாள். அந்தப் பயம். தம்பியிடம் இந்த இடத்தைப் பற்றி எப்படிச் சொல்வது என்கிற வெட்கம். என்னிடம் சொன்னால் அன்றைக்கே இழுத்துக்கொண்டு போவேன் என்று தெரியும். ஆகவே என்னிடம் சொல்லாமல் என் இமையிடம் கேட்டிருக்கிறார். என் இமை நாள்தோறும் போகாதே என்று சொல்லியிருக்கிறது.

எனக்குக் கோபம் வந்தது. அவர்மேல் இல்லை. என் முகத்தில் குடியிருந்துகொண்டு, எனக்குத் தெரியாமல் பதில் சொன்ன அந்த இரண்டு தோல் துண்டுகள்மேல்.

"அது ஊசி, மச்சாள். ஊசிதான் திறந்தது."

"வேலை செய்ய நாள் செல்லும் எண்டு நீதானே சொன்னனீ."

அன்று பின்னேரமே இமைகள் திரும்பவும் மூடின. ஊசி உண்மையில் பிடித்தது அடுத்த கிழமைதான். பிறகு நரம்பியல் மருத்துவரிடம் கேட்டேன். இந்த நோய் ஏறி இறங்கும், சில நேரம் காரணமில்லாமல் விடும் என்றார். அதை அப்படியே எடுத்துக்கொள்கிறேன். ஆனாலும் அந்தக் காலையை நினைத்தால் கை மயிர் இன்னும் சிலிர்க்கும்.

அடுத்த வெள்ளி பூசைக்குப் போனேன். ஊசி பிடித்திருந்தது, கற்பூரத்தை முழுவதுமாகப் பார்த்தேன். பூசை முடிந்ததும் எழுந்து நின்று சொன்னேன்: எனக்கு வந்திருப்பது பிளெபரோஸ்பாசம், அது மூளை இமைத் தசைக்கு விடுகிற பிழையான கட்டளை, என் முன்னால் வந்து ஏதாவது கேட்டுப் பதில் எடுத்தவர்கள் இருந்தால் அந்தப் பதிலைத் தூக்கி எறியுங்கள், டொக்டரிடம் போக நினைத்தவர்கள் நாளைக்கே போங்கள். வெளியே செருப்புப் போடும்போது எனக்குப் பின்னால் ஒரு குரல் சொன்னது.

"பாவம். ஊசி போட்டு அம்மனை அடைச்சுப்போட்டாங்கள்."

கட்டியைத் தொட்ட அன்றைக்கே மச்சாளை எங்கள் தமிழ் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவர் தொட்டுப் பார்த்ததும் பகிடி விடுவதை நிறுத்திவிட்டார். மார்பைத் தட்டுகளுக்கு நடுவே அழுத்தி எடுக்கிற படம், ஸ்கான், ஊசியால் சதையெடுத்துப் பார்க்கும் பரிசோதனை. ஒவ்வொரு காத்திருப்பு அறையிலும் மச்சாள் நேரே என் முகத்தைப் பார்த்தபடி இருந்தார். நான் பத்திரிகை வாசிப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவர் தலையைச் சரித்துப் பார்ப்பார். புற்றுநோய்தான் என்று வந்தது. இன்னும் வெளியே பரவியதாகத் தெரியவில்லை, ஆனால் தாமதிக்கக் கூடாது என்றார்கள்.

சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கிற நாள். ஆஸ்பத்திரியில் சொந்தக்காரர் மொழிபெயர்க்க விடமாட்டார்கள், அது எனக்கே தெரிந்த சட்டம். மேசையில் ஒரு போன், அதற்குள் ஒரு பெண், இந்தியத் தமிழ். அறையில் யார் என்ன சொன்னாலும் ஒன்றையும் விடாமல் மொழிபெயர்ப்பது எங்கள் தொழில் ஒழுங்கு. நிபுணர் எப்போதிலிருந்து கட்டி இருக்கிறது, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்.

"இவவின்ர கண் திறக்கேல்லை" என்றார் மச்சாள், என்னைக் காட்டி.

போனுக்குள் அந்தக் குரல் ஆங்கிலத்தில் அப்படியே சொன்னது. நிபுணர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நோயின் பெயரைச் சொன்னேன், கேள்விப்பட்டிருக்கிறார், தலையசைத்தார். மேலே ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மார்பு முழுவதையும் எடுக்க வேண்டியிருக்கும், கக்கத்து நிணநீர்க் கணுக்களையும் எடுக்க வேண்டும், மச்சாளின் சம்மதம் வேண்டும் என்றார்.

"சம்மதிக்கிறீங்களான்னு டாக்டர் கேக்குறாங்கம்மா" என்றது போன்.

மச்சாள் கதிரையை என் பக்கம் திருப்பினார். எனக்கு விளங்கிவிட்டது. முதல் ஊசி, குறைந்த அளவு, இறங்கத் தொடங்கியிருந்தது. அந்த அறையின் கூரை விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. பயத்தில் இது இன்னும் மோசமாகும், அதையும் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இடது இமை துடித்தது.

"மச்சாள், என்னைப் பார்க்காதேங்கோ" என்றேன். பேசினால் திறக்கும் என்ற நம்பிக்கையில் பேசினேன். இரண்டும் விழுந்தன. இன்னும் ஏதேதோ சொன்னேன். முதன்முறையாகப் பேச்சும் கைவிட்டது. இருட்டுக்குள் மச்சாளின் மூச்சு கேட்டது. அந்த மூச்சு எனக்குப் பழக்கமானது.

"வேண்டாமாம்" என்று மச்சாள் மெல்லச் சொன்னார். அவர் கதிரையிலிருந்து எழும்புவது கேட்டது. போனுக்குள் அந்தப் பெண் அதை ஆங்கிலமாக்கத் தொடங்கினாள்.

நான் இரண்டு கைகளையும் முகத்துக்குக் கொண்டுபோய், கட்டைவிரல்களால் இமைகளைப் பிடித்து மேலே தள்ளினேன். தசை கீழே இழுத்தது. நான் விடவில்லை. வெளிச்சம் ஊசியாகக் குத்தியது, தண்ணீர் கன்னத்தால் ஓடியது, அதற்கு நடுவே மச்சாள் நின்றார்.

"பாருங்கோ, மச்சாள். திறந்திருக்கு."

"நீ இழுத்துத் திறக்கிறாய்."

"ஓம். நான்தான் இழுக்கிறன். அம்மன் இல்லை. அண்டைக்கு மூடினதும் அம்மன் இல்லை. இது உங்கட தம்பியின்ர மனிசி. நான் சொல்லுறன், ஓம் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் எனக்கு வேணும்."

"கூட வந்தவர் பேசுகிறார்" என்று போன் நிபுணரிடம் ஆங்கிலத்தில் அறிவித்தது. பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றையும், அம்மன் இல்லை என்பதையும், தம்பியின் மனைவி என்பதையும், வேணும் என்பதையும், ஒழுங்கு தவறாமல் சொன்னது. கடைசிச் சொல்லில் அந்தக் குரல் கொஞ்சம் கரகரத்தது. நிபுணர் பேனையைக் கீழே வைத்தார்.

மச்சாள் என் கண்களைப் பார்த்தார். எனக்குப் பின்னால் யாரையும் தேடாமல், என்னையே. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு அவர் கதிரையில் இருந்து, போனின் பக்கம் குனிந்தார்.

"பிள்ளை, டொக்டரிட்டச் சொல்லுங்கோ. எடுக்கட்டாம்."

நிபுணர் அதைக் கேட்டு எழுதி முடிக்கும்வரை நான் கைகளை எடுக்கவில்லை.